பயாஸ் புதுப்பித்த பிறகு உடைந்த ஓவர்கிளாக்

மதர்போர்டில் இருந்துகொண்டு கணினியை எழுப்பும் அடிப்படை நிரலான பயாஸைப் புதுப்பித்த அன்றிரவு என் கணினி முன்பைவிட ஏழு டிகிரி குறைந்த வெப்பத்தில் ஓடியது. வழக்கமாக 84 டிகிரியைத் தொடும் சோதனை 77-லேயே நின்றது. விசிறிகளின் இரைச்சலும் தணிந்திருந்தது. மதர்போர்டைத் தயாரித்தவர்கள் எதையோ நன்றாகச் சீர்செய்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்து படுக்கப் போனேன். அடுத்து வந்த தொல்லைகள் அத்தனைக்குமான விடை அந்த ஏழு டிகிரிக்குள்தான் இருந்தது. அதைக் கண்டுகொள்ள எனக்கு ஒன்பது நாள் பிடித்தது.

என்னிடம் இருப்பது இன்டெல் ஐ5-12600கே பிராசசர். கணக்குப் போடும் அலகுகளான கோர்கள் அதில் பத்து: ஆறு பெரியவை, நான்கு சிறியவை. பெரிய கோர்களின் உச்ச வேகம் 4.9 கிகாஹெர்ட்ஸ் என்று இன்டெல் சொல்கிறது. எல்லாம் சேர்ந்து உழைக்கும்போது அது 4.5-க்கு இறங்கிவிடும். நான் பெரிய கோர்கள் அனைத்தையும் 5.1-லும் சிறியவற்றை 4.0-லும் வைத்திருந்தேன். தயாரிப்பாளர் சொன்னதைவிட வேகமாக ஓட்டும் இதற்குத்தான் ஓவர்கிளாக் என்று பெயர். பதினான்கு மாதம் ஒரு தடவைகூட அது தடுக்கி விழுந்ததில்லை. வீடியோ ரெண்டர் செய்வது என் அன்றாட வேலை. இரவு முழுவதும் ஓடவிட்டுத் தூங்குவேன், காலையில் கோப்பு தயாராக இருக்கும். அந்த அமைப்பைக் கண்டுபிடிக்க மூன்று வார இறுதிகளைச் செலவழித்திருந்தேன். அதனால் பயாஸைத் தொடவே தயங்கினேன்.

ஆனாலும் தொட வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் லோகோஃபெயில் என்ற பெயரில் வெளியான பாதுகாப்பு ஓட்டைகள்தான் காரணம். கணினி இயங்கத் தொடங்கும்போது திரையில் ஒரு சின்னம் தெரியுமல்லவா, அந்தப் படத்தைப் படிக்கும் நிரல் பகுதியிலேயே பிழைகள் இருந்தன. இயங்குதளம் விழித்தெழுவதற்கு முன்பே உள்ளே நுழைய வழி தரும் ஓட்டை அது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க என்னால் முடியவில்லை. திருத்தம் அடங்கிய பயாஸ் வந்திருந்தது. உடன் வந்த குறிப்பில் இரண்டே வரி: பாதுகாப்புத் திருத்தம், நிலைத்தன்மை மேம்பாடு. அந்த இரண்டாவது வரிக்குப் பின்னால் என்னென்ன மாறியிருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

புதுப்பித்த வேலையில் சொல்ல அதிகமில்லை. பென்டிரைவில் கோப்பை வைத்து, பயாஸுக்குள் இருந்தே எழுதினேன். திரும்பி வந்தபோது திரை மூன்று நிமிடம் கறுப்பாகவே இருந்தது. டிடிஆர்5 மெமரியைப் பலகை, அதாவது மதர்போர்டு, புதிதாகப் பழக்கிக்கொள்ளும் நேரம் அது. கணினி செத்துவிட்டது என்று பதறி அந்த நேரத்தில் மின்சாரத்தை நிறுத்திவிடக் கூடாது. பிறகு விண்டோஸ் வருவதற்கு முன் ஒரு நீலத் திரை, வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. பயாஸ் மாறினால் பாதுகாப்புச் சில்லு கணினியை வேறு கணினியாகப் பார்ப்பதுண்டு. என்னிடம் எண் காகிதத்தில் இருந்ததால் தப்பித்தேன். புதுப்பிக்கும் முன்பே பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. எண் எங்கே என்று தெரியாதவர்கள் பயாஸுக்குப் பக்கத்திலேயே போக வேண்டாம். ஓவர்கிளாக்கை மீட்டுவிடலாம், பூட்டிய வட்டை மீட்க முடியாது.

அடுத்துச் செய்ததுதான் தவறு. பழைய பயாஸில் சேமித்து வைத்திருந்த என் ப்ரொஃபைலை, அதாவது அமைப்புகளின் தொகுப்பை, அப்படியே ஏற்றினேன். பலகை எதுவும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது. பல பலகைகள் வேறு பதிப்பில் சேமித்த ப்ரொஃபைலை வாங்க மறுத்துவிடும். மறுக்கும்போது எரிச்சலாக இருக்கும். ஆனால் அந்த மறுப்பு நமக்குச் செய்யும் உதவி. என் பலகை மறுக்கவில்லை. 5.1-ஐயும் 4.0-ஐயும் குறிக்கும் 51, 40, பிராசசருக்கு 1.300 வோல்ட், மெமரியை உயர்வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி 6000 என்று நான் பார்க்க விரும்பிய எண்கள் எல்லாம் திரையில் இருந்த இடத்திலேயே இருந்தன. எனவே எதுவும் மாறவில்லை என்று நம்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் மாலை, ரெண்டர் பாதியில் இருக்கும்போது திரை நீலமானது. டபிள்யூஹெச்இஏ அன்கரெக்டபிள் எரர். திருத்த முடியாத வன்பொருள் பிழை என்று பொருள். மறுநாள் இரவு இரண்டு முறை, எந்தத் திரையும் வராமல், கணினி தானாகவே அணைந்து எழுந்தது.

விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். பலரும் அங்கே கெர்னல்-பவர் 41 என்ற பதிவைப் பார்த்துவிட்டு, மின்வழங்கி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்தப் பதிவுக்கு அப்படிப் பொருள் இல்லை. முறையாக அணைக்கப்படாமல் கணினி நின்றுபோனது என்று, எழுந்த பிறகு விண்டோஸ் எழுதி வைக்கும் வரி அது, அவ்வளவுதான். நான் தேடியது டபிள்யூஹெச்இஏ-லாகர் எழுதியவற்றை. அங்கே 19 என்ற எண்ணில் வரிசையாகப் பதிவுகள்: திருத்தப்பட்ட வன்பொருள் பிழை, பிராசசர் கோர், இன்டர்னல் பாரிட்டி எரர், அதாவது கோருக்குள் தரவு பிசகியது. நீலத் திரை வந்த நாளில் மட்டும் இருபத்து மூன்று. மேலே போய்ப் பார்த்தால், பயாஸைப் புதுப்பித்து இருபது நிமிடத்துக்குள்ளேயே முதல் பதிவு விழுந்திருந்தது. குளிர்ச்சியாக ஓடுகிறது என்று நான் மகிழ்ந்துகொண்டிருந்த அந்த இரவிலேயே பிராசசர் பிழை செய்து, தானே திருத்திக்கொண்டு, எழுதியும் வைத்திருக்கிறது. நான்தான் படிக்கவில்லை.

இந்தப் பழக்கத்தை மட்டும் எல்லோரும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். பயாஸ் மாற்றிய பிறகு சோதனை நிரல் தேறியதா என்று மட்டும் பார்க்காதீர்கள். 19 பதிவு ஒன்றாவது விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். திருத்த முடிந்த பிழை என்பது திருத்த முடியாத பிழைக்கு முன்னால் வரும் கடிதம்.

இத்தனை தெளிவாகக் கோரைக் காட்டும் பதிவு கையில் இருந்தும் நான் மெமரியைச் சந்தேகித்தேன். அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தேன். இந்தப் பிராசசருக்கு இன்டெல் உறுதி தரும் டிடிஆர்5 வேகம் 4800. நான் ஓட்டுவது 6000. புதிய பயாஸ் மெமரியைப் பழக்கும் முறையை மாற்றியிருக்கும் என்று கணக்குப் போட்டேன். இரண்டு இரவு, மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓடியது. ஒரு பிழையும் இல்லை. அந்த இரண்டு இரவுகளும் வீண். பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பியை அணைத்து, மெமரியை 4800-ல் வைத்து, அதே ரெண்டரை ஓடவிட்டிருந்தால் அரை மணி நேரத்தில் விடை தெரிந்திருக்கும். பிறகு அதைச் செய்தேன். மெமரி 4800-ல் இருந்தபோதும் 19 விழுந்தது. மெமரி குற்றவாளி இல்லை.

அதற்கும் முன்னால் செய்திருக்க வேண்டியதை ஏழாம் நாள்தான் செய்தேன். எல்லா அமைப்புகளையும் துடைத்து, கணினியை ஆலை நிலையில் ஓட்டிப் பார்ப்பது. மின்சாரத்தைத் துண்டித்து, சிஆர்2032 மின்கலத்தைக் கழற்றி, சில நிமிடம் விட்டு, மறுபடி பொருத்தினேன். ப்ரொஃபைலைத் தொடவில்லை. பிராசசருக்கு முழுச் சுமை கொடுக்கும் சோதனை நிரல்களான சினிபெஞ்ச் ஆர்23 அரை மணி நேரம், பிரைம்95 ஒரு மணி நேரம், கடைசியில் தடுமாறிய அதே ரெண்டர். ஒரு பதிவும் விழவில்லை. இந்தச் சோதனையில் தடுமாறியிருந்தால் கோளாறு பயாஸிலோ வன்பொருளிலோ என்று தேடலே வேறு திசையில் போயிருக்கும். தடுமாறாததால், பிராசசரும் பலகையும் நலம். என் ஓவர்கிளாக்குக்கும் இந்தப் பயாஸுக்கும் இடையில்தான் ஏதோ முறிந்திருக்கிறது என்று தெளிவானது. அன்றைக்குத்தான் என் தேடலுக்குத் தரை கிடைத்தது.

துடைத்தபோது ஓவர்கிளாக்கோடு சம்பந்தமில்லாத அமைப்புகளும் போய்விடும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. விசிறி வேக வளைவு, செக்யூர் பூட், விர்ச்சுவலைசேஷன், ரீசைசபிள் பார், வட்டு எந்த முறையில் இணைகிறது என்பது எல்லாம் ஆலை நிலைக்குத் திரும்பும். இதில் வட்டு முறை ஆபத்தானது. அதைத் தீர்மானிக்கும் இன்டெல் விஎம்டி என்ற அமைப்பு முன்பு இருந்த நிலைக்கு மாறாக அமைந்துவிட்டால் விண்டோஸ் எழவே எழாது. அதைப் பார்த்துவிட்டு ஓவர்கிளாக் வட்டைக் கெடுத்துவிட்டது என்று நினைத்து மறுபடி நிறுவத் தொடங்கியவர்கள் உண்டு.

பிறகு ஒவ்வொன்றாகக் கையால் எழுதினேன், ப்ரொஃபைலை ஏற்றாமல். பெரிய கோர் 51. வேகத்துக்கேற்ப வோல்ட் மாறும் அடாப்டிவ் முறையில் 1.300 வோல்ட். லோடு லைன் காலிப்ரேஷன் பழைய அதே படி. மற்றதெல்லாம் ஆட்டோ. ரெண்டர் தொடங்கிப் பதினோரு நிமிடத்தில் 19.

அப்போதுதான் பழைய படம் ஒன்று நினைவுக்கு வந்தது. ஓவர்கிளாக்கை முடித்த நாளில், பெருமையாகச் சேமித்து வைத்த படம். கணினியின் அளவீடுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற நிரலின் சென்சார் திரை அது. சினிபெஞ்ச் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்தது. அதைத் தேடி எடுத்து, புதிய பயாஸில் அதே சோதனையை ஓட்டி, இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வேகம் 5.1, இங்கும் 5.1. பழைய படத்தில் சுமையின்கீழ் பிராசசர் மின்னழுத்தம் 1.261 வோல்ட். புதியதில் 1.208. வாட் 176-லிருந்து 162-க்கு இறங்கியிருந்தது. வெப்பம் 84-லிருந்து 77.

ஏழு டிகிரி எங்கே போனது என்பது புரிந்துவிட்டது. நான் எழுதிய எண் 1.300-ஆகவே இருக்க, உண்மையில் பிராசசருக்குப் போய்ச் சேர்ந்தது 0.053 வோல்ட் குறைவு. வோல்ட் குறைந்தால் வெப்பம் குறையும். 5.1-ல் நிற்கப் போதுமான வோல்ட் இல்லாததால் பாரிட்டி பிழை. குளிர்ச்சியும் நீலத் திரையும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள்.

நாம் எழுதும் மின்னழுத்தம் எங்கே குறைகிறது? பிராசசர் தனக்கு வேண்டிய வோல்ட்டைப் பலகையிடம் கேட்கிறது. பலகையிலிருந்து பிராசசர் வரையிலான பாதையில், மின்னோட்டம் கூடக் கூட வோல்ட் கொஞ்சம் வீழும். அந்த வீழ்ச்சியை முன்கூட்டியே எதிர்பார்த்து, பிராசசர் சற்றுக் கூடுதலாகக் கேட்டுக்கொள்ளும். எவ்வளவு கூடுதலாகக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்லும் எண்தான் ஏசி லோடு லைன். அதன் அளவு மில்லிஓம். லோடு லைன் காலிப்ரேஷன் என்று பயாஸில் பெரிதாகத் தெரிவது வேறு. அது பாதையில் வீழ்வதை எவ்வளவு அனுமதிப்பது என்பது. இந்த இரண்டையும் ஒன்றென்று பல காலம் நானே குழப்பிக்கொண்டிருந்தேன். டிசி லோடு லைன் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. அது பிராசசர் தன் மின்செலவைக் கணக்கிட்டுச் சொல்வதற்கு மட்டும். ஆகவே பயாஸ் மாறும்போது டிசி எண் மாறியிருந்தால், மென்பொருளில் காணும் வாட் அளவு உண்மை மாறாமலேயே மாறித் தெரியும். வாட்டை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுக்கக் கூடாது. வெப்பம் அப்படி ஏமாற்றாது. அறையின் வெப்பமும் விசிறி வேகமும் ஒன்றாக இருந்தால், அது நம்பத் தகுந்த தனிச்சாட்சி.

என் ஏசி லோடு லைன் அமைப்பில் எழுதியிருந்தது ஆட்டோ. ஹெச்டபிள்யூஇன்ஃபோ அந்த ஆட்டோவின் உண்மையான எண்ணைக் காட்டும். புதிய பயாஸில் அது 0.40 மில்லிஓம். பழையதில் எவ்வளவு என்று படத்தில் இல்லை. தெரிந்துகொள்ள ஒரே வழி பழைய பயாஸுக்குத் திரும்புவது. என் பலகையின் பின்புறம் ஃபிளாஷ்பேக் பொத்தான் உண்டு. ஃபேட்32 முறையில் வடிவமைத்த பென்டிரைவில், பலகை கேட்கும் பெயருக்குக் கோப்பை மாற்றி வைத்து, அதற்கென்று குறித்த துளையில் செருகி, பொத்தானை அழுத்த வேண்டும். விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். அது தானாக அணையும் வரை எதையும் தொடக் கூடாது. எனக்கு ஆறு நிமிடம் ஆனது. அந்த ஆறு நிமிடமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சிறு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாப் பயாஸும் இப்படிப் பின்னால் போக அனுமதிப்பதில்லை, சில பதிப்புகள் திரும்பும் வழியை அடைத்துவிடும். தயாரிப்பாளரின் குறிப்பைப் படித்துவிட்டே இறங்க வேண்டும்.

பழைய பயாஸில் அதே ஆட்டோ 0.80 என்று காட்டியது.

காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். வித்தியாசம் 0.40 மில்லிஓம். சினிபெஞ்சில் பிராசசர் இழுக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய 140 ஆம்பியர். பெருக்கினால் 56 மில்லிவோல்ட், அதாவது 0.056 வோல்ட். நான் அளந்த குறைவு 0.053. வோல்ட் குறைந்தபோது மின்னோட்டமும் சற்றுக் குறைந்திருக்கும் என்பதைச் சேர்த்துக்கொண்டால் கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஒன்பது நாள் அலைச்சலும் ஒரு பெருக்கலில் அடங்கியதைப் பார்த்தபோது கிடைத்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

என்னுடைய ஓவர்கிளாக் என்று பதினான்கு மாதம் நான் நினைத்திருந்ததில் பாதிதான் என்னுடையது. மீதிப் பாதி, ஆட்டோ என்ற சொல்லுக்குப் பின்னால், பலகை தயாரிப்பாளர் அன்றைக்கு எடுத்திருந்த முடிவு. அவர் முடிவை மாற்றிக்கொண்டார். அதற்கு அவருக்கு உரிமையும் உண்டு. ப்ரொஃபைல் பாதுகாத்தது ஆட்டோ என்ற சொல்லை மட்டும். அந்தச் சொல்லின் பொருளைப் பாதுகாக்க அதனால் முடியவில்லை.

பழைய பயாஸிலேயே தங்கிவிடலாமே என்று தோன்றியது உண்மை. எல்லாம் முன்போல ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பாதுகாப்பு ஓட்டைக்காகத்தான் இந்த வேலையைத் தொடங்கினேன். ஓவர்கிளாக்குக்காக அந்த ஓட்டைக்குத் திரும்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. பழைய பயாஸ் கோளாறைக் கண்டுபிடிக்கும் கருவியாக இருக்கலாம், குடியிருக்கும் இடமாக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதற்குக் காரணம் லோகோஃபெயில் மட்டுமில்லை. 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் வெளியானது. மென்பொருள் வழியாக மின்னழுத்தத்தைக் குறைத்து இன்டெல் பிராசசரின் பாதுகாக்கப்பட்ட பகுதியில் பிழை உண்டாக்க முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதன் பிறகு வந்த பயாஸ்களில், குறிப்பாக மடிக்கணினிகளில், வோல்ட் குறைக்கும் வசதியே பூட்டப்பட்டது. நேற்று வரை வேலை செய்த மென்பொருள் இன்று ஏன் மறுக்கிறது என்று கேட்பவர்களுக்கு விடை அங்கே இருக்கிறது. 2023 ஏப்ரலில் ஏஎம்டியின் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசசர்கள் சில சாக்கெட்டோடு கருகிய செய்திகள் வந்தன. அடுத்து வந்த பயாஸ்கள், பிராசசரில் மெமரியைக் கையாளும் பகுதிக்குப் போகும் எஸ்ஓசி மின்னழுத்தத்துக்கு 1.30 வோல்ட் என்று உச்சவரம்பு வைத்தன. அதற்கு மேல் வைத்து மெமரியை ஓட்டியவர்களுக்குப் புதுப்பித்ததும் மெமரி நிற்கவில்லை. 2024 ஆகஸ்டில் இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை பிராசசர்களுக்காக 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடு, அதாவது பிராசசரின் உள்நிரல், வந்தது, பிராசசர் 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்க முடியாதபடி அது தடுத்தது. அதிக வோல்ட்டால் அந்தப் பிராசசர்கள் நாளடைவில் தேய்ந்து நிலைகுலைந்ததுதான் காரணம். இப்படிப்பட்ட பயாஸ் வந்து ஓவர்கிளாக் உடைந்தால், உடையட்டும். அந்த வேகம் பிராசசரின் ஆயுளைத் தின்று வந்த வேகம். என் 12-ஆம் தலைமுறை அந்தச் சிக்கலில் இல்லை. இருந்திருந்தால் ஒரு கணமும் பழைய பயாஸுக்குப் போயிருக்க மாட்டேன்.

புதிய பயாஸை மறுபடி எழுதி, ஏசி லோடு லைனைக் கையால் 0.80 என்று வைத்தேன். சுமையில் 1.259 வோல்ட். 84 டிகிரி திரும்பி வந்தது. இரவு முழுவதும் ரெண்டர் ஓடியது, ஒரு பதிவும் இல்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்த பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை. எதிர்ப்பக்கம் போனால் என்ன ஆகும் என்று 5.0 கிகாஹெர்ட்ஸில் ஏசியை 0.20 வரை இறக்கிப் பார்த்தேன். கணினி விழவில்லை, பிழையும் இல்லை. வேகம் 5.0 என்றே காட்டியது. ஆனால் சினிபெஞ்ச் தரும் மதிப்பெண் 13,000 சொச்சத்தில் நின்றது. 19,000-க்கு மேல் வர வேண்டிய கணினி. ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் எஃபெக்டிவ் கிளாக் என்று, உண்மையில் ஓடும் வேகத்தைக் காட்டும் வரிசை ஒன்று உண்டு. அதில் கோர்கள் 3.5 பக்கம் ஓடிக்கொண்டிருந்தன. கேட்ட வோல்ட்டுக்கும் கிடைக்கும் வோல்ட்டுக்கும் இடைவெளி பெரிதானால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் துடிப்புகளைத் தவறவிடும். இன்டெல்லில் அந்தக் காவலின் பெயர் சிஇபி. பழைய பயாஸில் அது அணைந்திருந்தது, புதியதில் ஆட்டோ அதை இயக்கி வைத்திருந்தது. மீண்டும் ஆட்டோதான். பயாஸ் புதுப்பித்த பிறகு கணினி விழாமல் மெதுவாகிவிட்டது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்த வரிசையை. சிஇபியை அணைத்துவிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அணைக்கவில்லை, அது குரல் கொடுக்காத அளவுக்கு வோல்ட் கொடுப்பதே சரி என்று நினைக்கிறேன்.

கடைசியில் 5.0, ஏசி 0.50 என்று நின்றேன். 5.1-ல் சினிபெஞ்ச் 19,600 வந்தது, இதில் 19,300. வெப்பம் 76. இரண்டு விழுக்காடுகூட இல்லாத வேகத்துக்காக எட்டு டிகிரியைச் சுமக்க வேண்டுமா என்ற கேள்விக்கு, பதினான்கு மாதத்துக்கு முன்பு நான் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

இதை நான் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் என்னைவிட இளைய நண்பர் ஒருவர் தன் கணினியோடு வந்தார். ரைசன் 7 5800எக்ஸ். "அண்ணா, எவ்வளவு சுமை கொடுத்தாலும் நிற்கிறது. சும்மா விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனால் அணைந்து எழுகிறது. பயாஸ் புதுப்பித்ததிலிருந்துதான் இப்படி" என்றார். எனக்கு நேர்ந்ததற்கு இது தலைகீழ். ஒவ்வொரு கோருக்கும் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் எட்டுக் கோர்களுக்கும் மைனஸ் 30 வைத்திருந்தார். ஒரு படி என்பது ஏறக்குறைய 3 முதல் 5 மில்லிவோல்ட். முப்பது படி என்றால் குறைவு பெரிது. எல்லாக் கோர்களும் உழைக்கும்போது வேகம் இறங்கியே இருப்பதால் அது தாங்கும். ஓய்வில் ஒற்றைக் கோர் ஒரு நொடி உச்சத்துக்குத் தாவும்போதுதான் வோல்ட் போதாமல் விழும். புதிய பயாஸில் அந்தத் தாவல் முன்பைவிட உயரமாக இருந்தது.

அவர் பிரைம்95-ஐ மணிக்கணக்கில் ஓட்டியிருந்தார். இப்படிப்பட்ட கோளாறை அது காட்டாது. நாங்கள் ஈவென்ட் வியூவரைத்தான் பார்த்தோம். 18 என்ற எண்ணில் திருத்த முடியாத பிழைப் பதிவுகள், ஒவ்வொன்றிலும் பிழை நேர்ந்த இழையைக் காட்டும் பிராசசர் ஏபிஐசி ஐடி என்று ஓர் எண். ஐந்தில் நான்கு பதிவுகளில் 6 அல்லது 7. ஒரு கோருக்கு இரண்டு இழைகள் என்பதால் அந்த எண்ணை இரண்டால் வகுத்து மீதியை விட்டுவிட வேண்டும். சுழியத்திலிருந்து எண்ணினால் 3-ஆம் கோர். அந்தப் பிராசசரின் மிகச் சிறந்த கோர் என்று ஏஎம்டியின் ரைசன் மாஸ்டர் நிரல் குறித்திருந்ததும் அதே கோர். சிறந்த கோர்தான் மிக உயரத் தாவும், அதனால் அதற்குத்தான் குறைக்க இடம் குறைவு. அதற்கு மைனஸ் 8, அடுத்ததற்கு மைனஸ் 12, மற்றவற்றுக்கு மைனஸ் 20 என்று வைத்து, ஒவ்வொரு கோராகத் தனியே சோதிக்கும் கோர்சைக்ளரை ஓர் இரவு ஓடவிட்டோம். அதற்குப் பிறகு விழவில்லை.

நான்கு மாதம் கழித்து என் பலகைக்கு இன்னொரு பயாஸ் வந்தது. இந்தத் தடவை புதுப்பிக்கும் முன்பே பயாஸின் ஒவ்வொரு பக்கத்திலும் எஃப்12-ஐ அழுத்திப் பென்டிரைவில் படமாகச் சேமித்தேன். சினிபெஞ்ச் ஓடும்போது சென்சார் திரையையும் சேமித்தேன். ஒரு குறிப்பேட்டில் சுமையில் வோல்ட், ஓய்வில் வோல்ட், ஆம்பியர், வெப்பம், விசிறி வேகம், ஏசி, டிசி, எஃபெக்டிவ் கிளாக், பிராசசரில் மெமரியைக் கையாளும் பகுதியின் எஸ்ஏ மின்னழுத்தம் என்று வரிசையாக எழுதினேன். எங்கெல்லாம் ஆட்டோ இருந்ததோ, அதன் பக்கத்தில் அது அப்போது கொடுத்த எண்ணையும் எழுதினேன். பிட்லாக்கரை நிறுத்தினேன். புதுப்பித்த பின் அமைப்புகளை ஒருமுறை துடைத்து, ஆலை நிலையில் அரை மணி ஓட்டி, பிறகு குறிப்பேட்டைப் பார்த்துக் கையால் எழுதினேன்.

புதிய பயாஸில் ஏசியின் ஆட்டோ 0.55 ஆகியிருந்தது. என் 0.50 கையால் எழுதியது என்பதால் அது என்னைத் தொடவில்லை. எஸ்ஏ மின்னழுத்தத்தின் ஆட்டோ மட்டும் 1.25-லிருந்து 1.18-க்கு இறங்கியிருந்தது, எக்ஸ்எம்பி அதில் தடுமாறியது. 1.25 என்று எழுதினேன், நின்றுவிட்டது. எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அன்றிரவு ரெண்டரை ஓடவிட்டுத் தூங்கினேன். காலையில் முதலில் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன், பிறகுதான் கோப்பை.